நிற்கச் சொல்ல வாய் வராத வாத்தியார்

ஒருவனுக்கு எவ்வளவு தெரியும் என்பதைப் பரீட்சை சொல்லிவிடும். தெரிந்தது வேளைக்கு வாயில் வருமா என்பதை இன்ஸ்பெக்டர் வந்துதான் சொல்ல வேண்டும்.

வெள்ளைக்காரன் ஆட்சிக் காலத்தில் ஆசிரியப் பயிற்சி முடித்து, திருமுல்லைவாயிலில் ஓர் ஆரம்பப் பள்ளியில் சேர்ந்தேன். முதல் வருஷம் புரொபேஷன். இன்ஸ்பெக்டர் என் பாடத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டால்தான் வேலை நிரந்தரம். எனக்குப் பேசி வைத்திருந்த பூந்தமல்லிப் பெண்ணின் தகப்பனாரும் அதற்காகத்தான் காத்திருந்தார். "வேல நெலையாவட்டும் தம்பி, அப்பால தேதி வெச்சிக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

பயிற்சிப் பள்ளியில் எனக்குப் பிடித்தது டிரில். உத்தரவெல்லாம் இங்கிலீஷில்தான். 'ஹால்ட்' என்ற சொல் காதில் விழாமல் யாரும் நிற்கக் கூடாது என்று என் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆணியடித்தாற்போல் சொல்லியிருந்தேன். சோதனைக்காக 'நில்லு' என்று நானே சொல்லி, நின்றவர்களை மைதானம் சுற்றவிட்டேன். (அந்த வயதில் அதற்குப் பெயர் கண்டிப்பு.)

இன்ஸ்பெக்டர் கோட்டும் தொப்பியுமாக வந்தார். கணக்குப் பாடத்துக்குத் தலையசைத்தார். "டிரில் உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றிருக்கலாம்; உண்டு என்றேன். நுணலும் தன் வாயால் கெடும்.

"குவிக் மார்ச்" என்றேன். பிள்ளைகள் கைவீசி அழகாக நடந்தார்கள். வேலிப்படல் நெருங்கியது. நிறுத்துவதற்கு வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது. அந்த ஒரு சொல் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"நில்லுங்கடா" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படலைத் தாண்டி, வரப்பில் ஏறி, நாற்றங்காலுக்குள் இறங்கினார்கள். வரிசை மட்டும் கலையவில்லை.

வயலுக்குரியவர் மண்வெட்டியோடு நிமிர்ந்தார். அவர் மகனும் வரிசையில் இருந்தான். "இன்னா வாத்தியாரே இது? எம்புள்ளய வெச்சே என் நாத்த மிதிக்க வெச்சிகினு கீறியே?"

எனக்கு முன்னால் இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தார். "ஹால்ட்."

பிள்ளைகள் சேற்றில் நின்றார்கள். அடுத்த உத்தரவுக்காக நின்றுகொண்டே இருந்தார்கள். திரும்பி வரச் சொல்லும் சொல்லும் எனக்கு வரவில்லை. அதையும் அவரே சொல்லிக் கூட்டிவந்தார். மிச்சப் பாடத்தையும் அவரே நடத்தினார், நன்றாகவே நடத்தினார்.

"பிள்ளைகள் நல்லாப் பழகியிருக்காங்க. உங்களைத்தான் இன்னொரு வருஷம் பார்க்கணும்" என்றார் புறப்படும்போது. கோபமில்லாமல் சொன்னதுதான் வலித்தது.

மறுநாள் பூந்தமல்லி போய்த் தலைகுனிந்து விஷயத்தைச் சொன்னேன். பெண்ணின் தகப்பனார் முழுக் கதையையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அப்ப அடுத்த வருசம் பாக்கலாம்" என்றார். கதவுக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. கல்யாணமே கைவிட்டுப் போயிற்று என்று நினைத்து, வழியெல்லாம் கண் கலங்கி நடந்தேன்.

கைவிட்டுப் போகவில்லை. சிரித்தவளே மனைவியாக வந்தாள். இப்போதெல்லாம் விருந்தாளிகளிடம் நான் பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்துவதில்லை. அடுக்களையிலிருந்து அவள் "ஹால்ட்" என்பாள், நான் நின்றுவிடுவேன். அந்தச் சொல்லுக்காக ஒரு வருஷம் காத்திருந்தவள். அவளுக்கு அது மறந்ததே இல்லை.