பதினொரு தட்டமும் எவடம் அண்ணையும்

கனடாவில் வாழும் தமிழர்களை இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம். எவடம் அண்ணையிடம் தங்கள் ஊரைச் சொல்லிவிட்டவர்கள் ஒரு வகை. இன்னும் அவர் கண்ணில் படாதவர்கள் மற்ற வகை. இரண்டாவது வகை வருடா வருடம் குறைந்துகொண்டே வருகிறது.

ரொறன்ரோவின் மல்வேர்னில் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் அப்போது அவர் ஏழாம் மாடி, நான் ஒன்பதாம் மாடி. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். ஆனால் லிப்டில் ஒரு தமிழ் முகம் ஏறினால் கதவு மூடுவதற்கு முன்னரே அவரிடமிருந்து கேள்வி வந்துவிடும்: "தம்பி, ஊரிலை எவடம்?" எந்த இடம் என்று கேட்கிற அந்த 'எவடம்' அவருக்குப் பெயராகிவிட்டது. கேட்டால் விடவும் மாட்டார். ஊர், கோயிலடி, எத்தனையாவது ஒழுங்கை, பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று முடிக்கும்வரை தன் ஏழாம் மாடியை மறந்து உங்களோடு பதினாறாம் மாடிவரை வருவார்.

ஒருமுறை வேகமாக ஓட்டினார் என்று பொலிஸ் மறித்தது. வந்த இளைஞனின் சட்டையில் தமிழ்ப் பெயர். அண்ணை கண்ணாடியை இறக்கி, லைசென்ஸை நீட்டுவதற்கு முன் கேள்வியை நீட்டினார்.

"சேர், ஐ ஆம் ஃப்ரொம் ஏஜெக்ஸ்."

"உது நீர் இருக்கிற இடம் தம்பி. அப்பா எவடம்?"

பாவம், அந்தப் பையன் தகப்பனுக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்தான். கொடிகாமமாம். பிறகு டிக்கெட்டையும் எழுதிக் கொடுத்தான். "கொடிகாமத்தார் நீதி தவறமாட்டினம்" என்று அந்த டிக்கெட்டை அண்ணை ஒரு மாதம் எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தார்.

குடலிறக்கத்துக்கு ஒப்பரேஷன் செய்த அன்று நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை, அவரே சொன்னது. மயக்க மருந்து கொடுக்க வந்த டொக்டர் தமிழர். முகமூடி முகத்துக்கு வரும்போது அண்ணை கேள்வியைக் கேட்டுவிட்டார். டொக்டரும் மரியாதையாகப் பதில் சொன்னார். ஆனால் அதற்குள் இவருக்கு மயக்கம் வந்துவிட்டது. இரண்டு மணித்தியாலம் கழித்துக் கண் விழித்தவர் தண்ணீர் கேட்கவில்லை, வலிக்கிறது என்று சொல்லவில்லை. "டொக்டர் எந்த ஊர் எண்டு சொன்னவர்?" என்று நேர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாராம். நேர்ஸ் பிலிப்பீன்ஸ்காரி.

இப்படிப்பட்டவரை ஐரோப்பாவுக்குக் கூட்டிப்போனது என் பிழைதான்.

என் மகனுக்கு சுவிஸில் கல்யாணம். பொம்பிளை வீடு லுசேர்ன் என்கிற ஏரிக்கரைப் பட்டினம். அவர்கள் பக்கம் நானூறு பேர். எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் "ரொறன்ரோவிலை ரிசெப்ஷன் வைப்பியள்தானே, அதுக்கு வாறம்" என்று நழுவிவிட்டார்கள். கடைசியில் பதினாலு பேர் சேர்ந்தோம். அதில் ஒருவர் எவடம் அண்ணை. நான் வாய்க்குத்தான் கூப்பிட்டேன். அவர் அடுத்த நாளே டிக்கெட் போட்டுவிட்டார்.

"சுவிஸிலை எங்கட சனம் கனக்க. நான் இன்னும் ஒருத்தரையும் கேட்கேல்லை" என்றார்.

என் மனைவிக்கோ வேறு கவலை. மாப்பிள்ளை வீட்டார் தட்டம் ஏந்திக்கொண்டு மண்டபத்துக்குள் போகவேண்டும். கூறைத் தட்டம், பழத் தட்டம், பலகாரத் தட்டம் என்று பதினொன்று அடுக்கிவிட்டாள். தூக்குவதற்கு எங்களிடம் இருந்தவர்கள் ஐந்து பெண்கள்.

"பதினொரு தட்டம், அஞ்சு பொம்பிளையள். ஆளுக்கு ரெண்டு ரெண்டாய்த் தூக்கிக்கொண்டு போறதோ? அவையின்ரை நானூறு பேரும் பார்த்துச் சிரிக்க?" என்று விமானத்தில் தொடங்கியவள் லுசேர்ன் ஹோட்டலிலும் நிறுத்தவில்லை. எனக்கும் உள்ளுக்குள் அதே வெட்கம்தான். ஒரே மகன். அவன் பக்கம் வெறிச்சோடிக் கிடக்கப்போகிறது.

தாயின் வாயை அடைப்பதற்காக, கல்யாணத்துக்கு முதல் நாள் மகன் எங்கள் எல்லோரையும் நகரம் சுற்றிக் காட்டும் நடைப்பயணம் ஒன்றில் சேர்த்துவிட்டான். வழிகாட்டி ஒரு நெடிய சுவிஸ் பெண். மழையில்லாத நாளில் சிவப்புக் குடையை விரித்து உயர்த்திப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு இடத்திலும் நின்று எங்களை எண்ணுவாள். பதினாலு சரியென்றால்தான் வாய் திறப்பாள்.

கூரை போட்ட பழைய மரப்பாலத்தில் நின்று, கூரைக்குக் கீழே இருக்கும் ஓவியங்களைக் காட்டினாள். எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். எவடம் அண்ணை அவளைப் பார்த்தார்.

"மிஸ், யூ நேட்டிவ் விச் வில்லேஜ்?"

அவள் குடையைத் தாழ்த்தினாள். இத்தனை வருடமாக ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடக்கிறாளாம், ஒருவரும் அவளை இதைக் கேட்டதில்லையாம். ஏரியின் அந்தத் தொங்கல் முனையில் ஒரு சின்னக் கிராமம் என்று வரைபடத்தை விரித்துக் காட்டினாள். அண்ணை ஒழுங்கையை விசாரித்தார். அதையும் காட்டினாள். பத்து நிமிடம் போய்விட்டது.

பிறகு பழைய மதில். அதன் கோபுரமொன்றில் பெரிய மணிக்கூடு. ஊரில் உள்ள மற்ற மணிக்கூடுகளுக்கு ஒரு நிமிடம் முந்தி அடிக்கும் உரிமை அதற்கு மட்டும் உண்டு என்றாள்.

"மற்றதெல்லாம் அதுவரைக்கும் பொறுத்துக்கொண்டு நிக்குமோ? மரியாதை தெரிஞ்ச மணிக்கூடுகள்" என்று அண்ணை மெச்சினார். அதற்குப் பிறகு அவருடைய குரலே கேட்கவில்லை. இறங்கிப் பழைய நகரத்துக்குள் வந்ததும் அவள் எண்ணினாள். பதின்மூன்று. மறுபடி எண்ணினாள். பதின்மூன்றுதான்.

"ஐயோ, வந்ததே பதினாலு, அதிலையும் ஒண்டைத் துலைச்சாச்சு!" என்று என் மனைவி நடுத்தெருவில் தலையில் கைவைத்தாள்.

வழிகாட்டி பொலிஸுக்கு அறிவிப்போமா என்றாள். நான் மூக்கை உயர்த்தினேன். சீஸ் மணக்கிற அந்தத் தெருவில் எங்கிருந்தோ கறிவேப்பிலை தாளிக்கிற வாசனை. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு சந்துக்குள் திரும்பினோம். ஒரு உணவகத்தின் பின்கதவு. ஏப்ரன் கட்டிய ஒருவர் வேலையாட்களுக்கான மத்தியானச் சாப்பாட்டைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"ஓம் ஓம், தொப்பி போட்ட ஒரு ஐயா. இப்பதான் போறார். நான் புங்குடுதீவு எண்டன். அங்காலை ஹோட்டலிலை ஒரு கரவெட்டிப் பெடியன் நிக்கிறான், அவனிட்டை அனுப்பிவிட்டனான்."

கரவெட்டிப் பெடியன் எங்களை அளவெட்டிக்காரர் வேலை செய்யும் பேக்கரிக்கு அனுப்பினான். அளவெட்டிக்காரர் ஆளுக்கொரு பாண்துண்டு தந்து சாவகச்சேரிக்கு அனுப்பினார். நாங்கள் பதின்மூன்று பேரும் சிவப்புக் குடையின் பின்னால் லுசேர்னின் பின்கதவுகளையெல்லாம் சுற்றினோம். வழிகாட்டிக்குக் கண் விரிந்துகொண்டே போனது. இந்த நகரத்தில் தனக்குத் தெரியாத சந்து இல்லை என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தாளாம்.

கடைசியில் ஏரிக்கரையில் ஒரு பெரிய ஹோட்டலின் குசினிப் படியில் ஆளைப் பிடித்தோம். ஐந்தாறு வெள்ளைத் தொப்பிகளுக்கு நடுவில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, உங்களுக்கு விசரே? நாங்கள் செத்துப் பிழைச்சம்!" என்று என் மனைவி கத்தினாள்.

"தங்கச்சி, நாளைக்கு முகூர்த்தம் எத்தினை மணி?" என்றார் அவர், கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பத்தரை. அதுக்கும் இப்பிடித் துலைஞ்சு போகாதேங்கோ!"

மறுநாள் காலை ஒன்பதரைக்கு மண்டப வாசலில் பதினொரு தட்டமும் வரிசையாக இருந்தன. ஐந்து பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எவடம் அண்ணையை மறுபடியும் காணவில்லை. என் மனைவி அழுகிற கட்டத்துக்கு வந்துவிட்டாள்.

அப்போது தெருமுனையில் அவருடைய தொப்பி தெரிந்தது. பின்னால் புங்குடுதீவார், மனைவி, மூன்று பிள்ளைகள். கரவெட்டிப் பெடியனும் புதுப் பெண்சாதியும். அளவெட்டி, சாவகச்சேரி, உருளைக்கிழங்குப் படியில் இருந்த அத்தனை பேரும் பட்டு வேட்டியும் காஞ்சிபுரமுமாக. எல்லோருக்கும் பின்னால் அந்த நெடிய வழிகாட்டி. பழக்கதோஷத்தில் ஆட்களை எண்ணிப் பார்த்தாள், நாற்பதுக்கு மேல் கைவிட்டுவிட்டாள்.

"தங்கச்சி, தட்டம் தூக்க ஆள் இல்லையெண்டு இனி வாய் திறக்கக் கூடாது" என்றார் அண்ணை.

ஹோட்டலில் பரிமாறுகிற பெடியன் ஒருவன் "அன்ரி, தாங்கோ" என்று ஒரே கையில் மூன்று தட்டங்களை அடுக்கிவிட்டான். "தம்பி, ஒண்டு காணும், மற்ற ஆக்களுக்கும் வேணும்!" என்று பறித்தவளும் என் மனைவிதான். இப்போது தட்டம் போதவில்லை. வந்தவர்களில் நாலு பேர் மண்டபத்துக் குசினிக்குள் புகுந்து புதுத் தட்டங்களோடு வந்து, பழத்தைப் பிரித்து, பலகாரத்தைப் பிரித்து, பதினொன்றை இருபத்தொன்றாக்கினார்கள். வாழைப்பழத் தட்டம் வழிகாட்டியின் கையில். அவள் அதைக் குடை மாதிரித் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னுக்கு நடந்தாள். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம்.

சம்பந்தி வாசலில் பன்னீர்ச் செம்போடு திகைத்து நின்றார். "மாப்பிள்ளை பக்கம் பதினாலு பேரெண்டு சொன்னீங்கள்?"

"ஓம், மிச்சப் பேர் வேலை ஷிப்டிலை நிக்கினம்" என்றேன். நாதஸ்வரம் தொடங்கிவிட்டது.

திரும்பி வரும் விமானத்தில் அண்ணை எனக்குப் பக்கத்து இருக்கை. நன்றி சொல்ல வாயெடுத்தபோதுதான் உறைத்தது, இத்தனை வருடத்தில் நான் இவரை ஒருநாளும் கேட்டதில்லை.

"அண்ணை, நீங்கள் ஊரிலை எவடம்?"

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எல்லாரும் தங்கட ஊரைச் சொல்லிப்போட்டுப் போயிடுவினம், தம்பி. திருப்பிக் கேட்டது நீர்தான்."

பிறகு தொடங்கினார். அத்திலாந்திக் கடல் முடிந்தது, இரண்டு சாப்பாடு வந்து போனது. ரொறன்ரோவில் விமானத்தின் சில்லு தரையைத் தொட்டபோதும் அவர் தன் வீட்டு வாசல் படலைவரை வந்து சேரவில்லை. நான் இப்போது விட்பிக்குக் குடிபோய்விட்டேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் காரை எடுத்துக்கொண்டு மல்வேர்னுக்குப் போய், ஏழாம் மாடியில் இறங்கி, மிச்சத்தைக் கேட்கிறேன்.