பொம்மைக்கு வடிந்த களைப்பு

விளையாட்டரங்கத்தை ஒட்டிய மண்டபத்தில் நிற்க இடமில்லை. பெற்றோர் முண்டியடிக்க, பிள்ளைகள் அவர்கள் தோளில் தூங்கி வழிந்தார்கள். மறுநாள் சிறுவர் நெடு ஓட்டம். பத்து வயதுக்கு உட்பட்டவர்கள் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஓட வேண்டும். பெரியவர்கள் நிழலில் உட்கார்ந்து கைதட்ட வேண்டும். வேலையை எவ்வளவு நியாயமாகப் பிரித்திருக்கிறார்கள், பாருங்கள்!

மேடையில் களைப்பு மாஸ்டர் எழுந்தருளியிருந்தார். பிள்ளைகளின் களைப்பைக் கால் வழியாக உறிஞ்சி எடுக்கும் அபூர்வ சக்தி பெற்றவராம். மேடைப் படி நாலு ஏறியதற்கே அவருக்கு மேல்மூச்சு வாங்கியது. அதை யாராவது கவனித்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

முதல் வரிசையில் சிட்டுவின் அப்பா உட்கார்ந்திருந்தார். செருப்புக்கடையில் விற்பனையாளர். முதல் மாடிக்கே லிஃப்ட் தேடுகிற ஆசாமி. ஆனால் ஏழு வயது சிட்டு போன ஓட்டத்தில் கோப்பை வாங்கியதிலிருந்து அவர் நடையே மாறிவிட்டது. முதலாளி கல்லாவுக்கு மேலே சிட்டுவின் படத்தை மாட்டி, அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதற்கு முன் அந்தக் கையை யாரும் குலுக்கியதில்லை, பாவம். அந்த ருசி அவரை விடவில்லை.

"வலின்னா என்ன?" மாஸ்டர் முழங்கினார். "களைப்போட கழிவு! அதை இழுத்துட்டா பிள்ளை நாளெல்லாம் ஓடும்!"

சிட்டு மேடையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் காலை வைத்து உட்கார்ந்திருந்தாள். மடியில் அவளுடைய ரப்பர் பொம்மை. மாஸ்டர் தொட்டியில் ஒரு பிடி உப்பைப் போட்டார், வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார், பேட்டரிப் பெட்டியின் சுவிட்சைத் தட்டினார். தண்ணீர் மஞ்சளாகிப் பழுப்பாகி, நுரை கட்டியது. மண்டபமே வாயைப் பிளந்தது.

"இத்தனையும் இந்தக் குழந்தை கால்ல கிடந்த களைப்பு! இப்ப வலிக்குதாம்மா?"

"வலிக்குது," என்றாள் சிட்டு.

"பழக்க தோஷத்துல சொல்றா!"

கூட்டம் சிரித்தது. அப்பாவும் சிரித்தார்.

சிரிக்காதவள் சிட்டுவின் அம்மா ஒருத்திதான். அன்று காலை சிட்டு மாடிப்படியில் நின்று இறங்காமல், உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து வந்ததை அவள் பார்த்திருந்தாள். "விளையாடுறா" என்று அப்பா அதற்கும் ஒரு விளக்கம் சொல்லியிருந்தார். அம்மா எழுந்து விறுவிறுவென்று மேடையேறினாள்.

"மாஸ்டர், யாரும் கால் வைக்காம ஒரு தடவ போட்டுக் காட்டுங்க."

"அது முடியாதும்மா. கால் இல்லாம போட்டா சக்தி கோவிச்சுக்கும்."

"அவ்வளவுதானே? கால் வச்சிடலாம்." அம்மா பழைய தண்ணீரைக் கொட்டினாள். புதுத் தண்ணீர் ஊற்றி உப்புப் போட்டாள். சிட்டுவிடம் பொம்மையை வாங்கித் தொட்டிக்குள் நிற்க வைத்தாள். "என்னங்க, வந்து சுவிட்சப் போடுங்க."

அப்பா தயங்கித் தயங்கி மேடையேறினார்.

"அண்ணே, தொடாதீங்க!" மாஸ்டர் பதறினார். "விடிஞ்சா ஓட்டம். கோப்பை வேணுமா, வேண்டாமா?"

அப்பா மகளைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தாள். கடைக்கு வருகிற ஊர்பேர் தெரியாதவர்களிடமெல்லாம் "எங்கயாவது கடிக்குதா சார்?" என்று நாள் முழுக்கக் கேட்கிற மனிதர் அவர். சொந்த மகளிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. சுவிட்சைத் தட்டினார்.

தண்ணீர் மஞ்சளாகிப் பழுப்பாகி, நுரை கட்டியது.

"பொம்மை ரொம்ப ஓடிடுச்சு போலிருக்கே!" என்று பின்வரிசையில் ஒரு குரல் எழுந்தது. மண்டபம் வெடித்துச் சிரித்தது. அம்மா சுவிட்சை அணைத்துவிட்டு, தொட்டிக்குள் அடியில் கம்பியோடு பொருத்தியிருந்த இரண்டு இரும்புத் தகடுகளை வெளியே இழுத்தாள். துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

"உப்புத் தண்ணி, இரும்பு, பேட்டரி. களைப்பு இல்லைங்க, துரு!"

திரும்பிப் பார்த்தால் மாஸ்டரைக் காணோம். பின்வாசல் வழியாக ஓடிக்கொண்டிருந்தார். இந்த முறை மேல்மூச்சு வாங்கவில்லை. பெற்றோர் துரத்தினார்கள். பிள்ளைகளைப் பகல் முழுக்க ஓடச் சொன்னவர்கள், வாசலைத் தாண்டுவதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள்.

அப்பா கடையில் உட்காருவதுபோல மகள் காலடியில் மண்டியிட்டார். "எங்கம்மா கடிக்குது?"

"ஷூ கடிக்கல அப்பா. உள்ளதான் வலிக்குது. குதிகால்ல. ரொம்ப நாளா."

அவர் ஷூவைக் கழற்றினார். குதிகால் வீங்கியிருந்தது. அவளுடைய சட்டையில் குத்தியிருந்த போட்டி எண் அட்டையையும் கழற்றிப் பையில் திணித்தார். "நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்," என்றார்.

மூச்சு வாங்கியபடி திரும்பி வந்த ஒருவர் அம்மாவிடம் கேட்டார்: "ஏம்மா, இப்ப என்ன பண்றது? விடிஞ்சா ஓட்டமாச்சே! வேற நல்ல மாஸ்டர் யாராச்சும் தெரியுமா?"

அம்மா பொம்மையைத் துடைத்து அவர் கையில் வைத்தாள். "இதை ஓட விடுங்க. இதுக்குத்தான் வலிக்காது."

அவர் இன்னும் பொம்மையும் கையுமாக யோசித்துக்கொண்டு நிற்கிறாராம். நீங்களும் கொஞ்சம் யோசியுங்கள், மகாஜனங்களே! தண்ணீர் நிறம் மாறியதும் உடனே நம்பினீர்களே, பிள்ளையின் முகம் மாறியபோது எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?