தூவுகிற டப்பா

அன்புள்ள அண்ணிக்கு,

கம்பு மாவு ஒன்றரைக் கப், பாதாம் மாவு ஒரு கப், ஆளிவிதைப் பொடி இரண்டு கரண்டி. காலையில் தொலைபேசியில் நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். ஆனால் செய்முறையில் ஒரு வரி விட்டுப்போயிற்று. அதைச் சொல்ல நாக்கு எழாமல்தான் "எழுதி அனுப்புறேன் அண்ணி" என்று வைத்துவிட்டேன். அனைவரும் நலம் என்று எழுத வேண்டிய இடம் இது. இங்கே ஒருத்தியைத் தவிர அனைவரும் நலம்.

மகளைப் பற்றி நீங்கள் சொன்னது காதிலேயே நிற்கிறது. "ஒரு வருஷமா யார் வீட்லயும் அவள ஒரு வாய் சாப்பிட விட்டதில்ல. நேத்து உன் மஃபின் ரெண்டு தின்னுட்டு நிம்மதியா தூங்கினா. நான் பயிற்சிக்குப் போற பத்து நாளும் உங்கிட்டயே விட்டுட்டுப் போறேன்." கோதுமைத் துணுக்கு ஒன்று உள்ளே போனாலே மூன்று நாள் சுருண்டு படுக்கிற பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு வருகிறாள். சொல்லித்தான் ஆக வேண்டும்.

கோதுமைப் பசையான குளூட்டன் இல்லை என்பதற்காக வெறும் மாவுச்சத்தைக் கொட்டி ஏமாற்றக் கூடாது, சத்தும் இருக்க வேண்டும் என்று, என் ஆய்வேட்டுக்குப் படித்ததைவிட அதிகமாகப் படித்தேன். முதல் தடவை முழுக்கக் கம்பு. மேசையில் வைத்ததும் கதவைத் தட்டுகிற மாதிரி 'டொக்' என்றது, இவர் "யாரு?" என்று கதவைத் திறக்கப் போனார். இரண்டாம் தடவை கொண்டைக்கடலை மாவு, கையில் எடுத்ததும் உதிர்ந்தது, "ஸ்பூன் குடு, இத குடிக்கணுமா மெல்லணுமா?" என்றார். மூன்றாவது அழகாக எழும்பி, ஓவனைத் திறந்ததும் கிணறு மாதிரி உள்வாங்கி, அச்சில் ஒட்டிக்கொண்டு பாதிதான் வெளியே வந்தது. இதற்கிடையே வீடு சுத்தம். புதுச் சல்லடை, புது மரக்கரண்டி. கோதுமை, மைதா, ரவை எல்லாம் மூட்டையாகக் கீழ்வீட்டுக்குப் போயிற்று. இவர் இரண்டு நாளாக ரொட்டியைப் பால்கனியில் நின்று சாப்பிட்டார். "மழை வந்தா உள்ள வரலாமா?" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

நான்காவது தடவை மாவைப் பாலில் அரைமணி ஊறவைத்தேன். ஒட்டாமல் இருக்க அச்சில் வெண்ணெய் தடவினேன். அந்த வெண்ணெய் மேலே தூவினேன்.

தூவினேன், அண்ணி. அடுப்புப் பக்கத்திலேயே நிற்கும், மூடியில் ஓட்டை போட்ட சின்ன டப்பா. அதில் மைதா. கல்லூரி விடுதியிலிருந்து கூடவே வருவது. என் மனதில் அது மாவே இல்லை. கரண்டி மாதிரி ஒரு சாமான்.

நம் குட்டி இன்ஸ்பெக்டர் கேட்கத்தான் கேட்டாள். காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு பாக்கெட் பாக்கெட்டாக எழுத்துக்கூட்டுகிறவள் ஆயிற்றே. மஃபினைக் கவிழ்த்து அடியைப் பார்த்தாள்.

"அத்தை, இதுல கோதுமை இருக்கா?"

"ஒரு துளிகூட இல்லடா."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். "சரி, நான் வாசல்ல உக்காந்து தின்னுட்டு வரேன்." திரும்பி வந்து வாயைத் துடைத்துக்கொண்டு, "சூப்பர் அத்தை, இன்னொண்ணு குடுங்க" என்றாள். அதையும் வாசலுக்கே எடுத்துப் போனாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நீங்கள் கிளம்பிய பிறகு அச்சைக் கழுவினேன். மடிப்பில் ஒரு வெள்ளைக் கோடு. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. உடனே உங்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும். எண்ணை அழுத்தினேன், வைத்தேன். மறுபடி அழுத்தினேன், வைத்தேன். பிள்ளையின் வயிற்றைவிட உங்கள் பாராட்டு எனக்குப் பெரிதாக இருந்திருக்கிறது. எழுதவே கை கூசுகிறது.

அவளை டாக்டரிடம் காட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை அனுப்ப வேண்டாம். என்னைத் திட்டுங்கள். அண்ணனிடம் மட்டும் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள், அவன் பாதியில் சிரித்துவிடுவான். அவனுக்கு என் அன்பு. இன்ஸ்பெக்டருக்கு முத்தம் தரும் தகுதி இப்போது எனக்கில்லை. என் சார்பில் நீங்களே கொடுத்துவிடுங்கள்.

தலை நிமிராமல்,
உங்கள் நாத்தனார்

பி.கு.: தபாலில் போடக் கிளம்பி, வாசலில் கிடந்த என் ஷூவுக்குள் காலை விட்டேன். மெத்தென்று இருந்தது. இடது ஷூவில் ஒரு மஃபின், வலது ஷூவில் ஒன்று. காகிதக் கைக்குட்டையில் சுற்றி, ஒரு கடிகூடப் படாமல். ஒன்றின் மேல் பென்சில் எழுத்து: "அத்தை, அடியில வெள்ளையா இருக்கு. சொன்னா நீங்க அழுவீங்க. வாசனை நல்லா இருந்துச்சு."

மேலே வயிற்றைப் பற்றி எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். வெட்கத்தைப் பற்றி எழுதியதை இரண்டு மடங்காக்கிக்கொள்ளுங்கள். தின்றேன் என்று பொய் சொன்னதற்கு அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். அது என் கணக்கில் சேர வேண்டியது.

டப்பாவைக் குப்பையில் போட்டேன். ஷூவை உதறி மாட்டிக்கொண்டு பேருந்து ஏறினேன். இந்த வரியை உங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி அடித்துவிட்டேன்.