தானாக வந்த நாய்

"நான் இருக்கிறவரைக்கும் இந்த வீட்டுக்குள்ள நாய் நுழையாது" என்று ஒரு காலத்தில் சபதம் போட்டேன். அப்போது என் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் நான் அதிகம் உட்கார்ந்ததில்லை. நாய்தான் உட்கார்ந்தது.

எனக்கு வீட்டை ஒட்டியே மூக்குக் கண்ணாடிக் கடை. ஊரில் பாதிப் பேருக்குப் பார்வையைச் சரி செய்து அனுப்புகிறவன். என் வீட்டில் நடப்பது மட்டும் என் கண்ணுக்குத் தெரியாது. உங்களுக்குப் பவர் போதவில்லை என்பாள் மனைவி.

மகள் அப்போது சின்னவள். நாய் வேண்டுமென்று தட்டைத் தள்ளிவிட்டு அழுதாள். மனைவி அழவில்லை. கேள்வி கேட்டாள். அவள் அழுதால்கூட சமாளித்துவிடலாம்.

"ஏங்க, எந்த மாதிரி நாய்னா உங்களுக்குச் சரி?"

"எந்த நாயும் சரியில்ல."

"சும்மா பேச்சுக்குக் கேக்குறேன்."

பேச்சுக்குத்தானே என்று யோசித்தேன். நான் படித்த பள்ளிக்கு எதிர்வீட்டு மாடியில் ஒரு ஸ்பானியல் நாய் இருந்தது. கம்பி வழியாகத் தலையை நீட்டித் தெருவைப் பார்க்கும். இரண்டு காதும் திரைச்சீலை மாதிரி தொங்கும். தினமும் கீழே நின்று சீட்டியடிப்பேன். போகிற வருகிற சைக்கிளையெல்லாம் பார்க்கும், என்னைப் பார்க்காது. அந்த வருத்தம் எனக்குப் போகவே இல்லை.

"வந்தா அசல் ஸ்பானியல்தான் வரணும். கலப்பு வேணாம். ரெண்டு காதும் தொங்கணும்."

"சரிங்க. வேற?"

"நான் கூப்பிட மாட்டேன். அதுவா வந்து என் மடியில உக்காரணும்."

"அப்படி உக்காந்தது கலப்பா இருந்தா?"

"நாலு கால் இருந்தாப் போதும், தூக்கிட்டு வந்துடலாம்."

தாராளமாகச் சொன்னேன். காரணம் இருந்தது. அதுவரை எந்த ஜீவனும் என்னிடம் தானாக வந்ததில்லை. மச்சினன் குழந்தைகூட என்னைப் பார்த்தால் அடுத்த அறைக்குத் தவழ்ந்துவிடும்.

"உங்க இஷ்டங்க" என்றாள். இவ்வளவு சீக்கிரம் மடக்கிவிட்டோமே என்று எனக்கே பெருமையாக இருந்தது.

அந்த வாரம் என் கட்டம் போட்ட சட்டை காணாமல் போயிற்று.

"இஸ்திரிக்குப் போயிருக்கும்" என்றாள் மனைவி.

போய்ச் சண்டை போட்டேன். இஸ்திரிக்காரர் சத்தியம் செய்தார். சட்டையை எடுக்காதவர் எதற்குச் சத்தியம் செய்ய வேண்டும் என்று எனக்குச் சந்தேகம் வலுத்தது. அன்றிலிருந்து அவரைக் கண்டால் முறைப்பேன்.

அப்புறம் ஒருநாள், குட்டிகளைச் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று மனைவி சொல்ல, நாய் டாக்டர் வீட்டுக்குப் போனோம். பின்பக்கம் அசல் ஸ்பானியல் குட்டிகள் தங்கள் காதைத் தாங்களே மிதித்துக்கொண்டு ஓடின. நான் படியில் விறைப்பாக உட்கார்ந்தேன். ஒன்றுகூட என்னைச் சட்டை செய்யவில்லை. மகளுக்கு உதடு துடிக்க ஆரம்பித்தது.

அப்போது மூலையிலிருந்து ஒன்று எழுந்து வந்தது. அம்மா ஸ்பானியல். அப்பா யாரென்று அந்த அம்மாவுக்கே வெளிச்சம். ஒரு காது தொங்கியது, மற்றது நிமிர்ந்து நின்றது. நேராக என்னிடம் வந்து காலை முகர்ந்தது. மடியில் ஏறியது. பெரிய மனுஷன் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டுத் தூங்கிப்போயிற்று.

நான் அசையவில்லை. கண் கலங்கிவிட்டது. சொல்ல என்ன வெட்கம்?

"உங்களத்தான்பா அதுக்குப் பிடிச்சிருக்கு" என்றாள் மகள்.

தொங்கிய காதுக்காக அதற்கு முறம் என்று பேர் வைத்தாள். தெருவில் தண்ணீர் தேங்கினால் முறம் அதில் இறங்கி நின்றுவிடும். அப்படியே வந்து என் நாற்காலியில் ஏறும். சாயங்காலம் நான் கடை பூட்டும் சத்தத்துக்கு வாசலில் காத்திருக்கும். கண்ணாடி போட வந்தவர்களையெல்லாம் பிடித்து வைத்து, "நான் எடுக்கலைங்க, அதுதான் என்னைத் தேடி வந்துச்சு" என்று சொல்வேன். எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டே பாவம், கேட்டுக்கொள்வார்கள்.

மகள் வளர்ந்து, கல்யாணமாகிப் போனாள். போன மழைக்காலத்தில் முறமும் போய்விட்டது. நாற்காலி எனக்குத் திரும்பக் கிடைத்தது. உட்காரப் பிடிக்கவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை முறத்தின் மெத்தையை எடுத்து உதறினோம். கிழிந்த உறைக்குள்ளிருந்து ஒரு துணி விழுந்தது. கட்டம் போட்ட சட்டை. காலர் பித்தானில் நானே தைத்த பச்சை நூல்.

"இது..."

"உங்களோடதுதான். துவைக்காம டாக்டர்கிட்ட குடுத்து, அது படுக்கையில போடச் சொன்னேன். உங்க வாசனையிலேயே தூங்கிப் பழகிடுச்சு. குட்டியோட சட்டையும் திரும்பி வந்துச்சு, உறைக்குள்ள வெச்சுத் தைச்சுட்டேன்."

"அத்தனை அசல் குட்டி இருக்கும்போது இதுக்கு எதுக்குக் குடுத்த?"

"அதுங்களுக்கெல்லாம் ஆள் வந்துட்டாங்க. இதை யாரும் கேக்கலைங்க."

கோபப்படலாமென்று பார்த்தேன், வரவில்லை. சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். இஸ்திரிக்காரரிடம் மன்னிப்புக் கேட்கலாமென்றால், அவர் கடையை மூடிவிட்டுப் போய்ப் பல வருஷமாகிறது.

கொஞ்ச நேரம் கழித்து மனைவி மெதுவாக ஆரம்பித்தாள்.

"டாக்டர் வீட்டுல மறுபடியும் குட்டி இருக்காம். கலப்புதான்."

"வேணாம்மா. இன்னொரு தடவை அழ என்கிட்ட தெம்பு இல்ல. இதுதான் முடிவு."

"உங்க இஷ்டங்க."

நிம்மதியாகக் குளித்துவிட்டு வந்தேன். முந்தின நாள் கழற்றி மாட்டிய நீலச் சட்டையைக் கொக்கியில் காணோம்.

"ஏம்மா, என் நீலச் சட்டை எங்க?"

சமையலறையிலிருந்து பதில் வந்தது.

"இஸ்திரிக்குப் போயிருக்குங்க."