மேட்டுப்பாளையம் வண்டி மேல்மாடிக்கு வந்த கதை

இனி ரயிலு நம்மூட்டுலதான் ஓடோணும். இப்படியொரு முடிவ நஞ்சுண்டன் எடுத்தது ஒரு ஞாயித்துக்கெழமை, காரமடை ஸ்டேஷன் பிளாட்பாரத்துக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு. பிளாட்பாரம் அவரு இடுப்பு ஒசரத்துல இருந்துச்சு. நீளம் ஒரு முழம்.

பொம்மை ரயிலுன்னு மட்டும் யாரும் சொல்லிப்போடாதீங்க. சங்கத்துச் செயலாளரு அரங்கசாமி அன்னிக்குப் பூரா சோறு திங்க மாட்டாரு. பாலிடெக்னிக்குல இஞ்சின் பாடம் எடுத்து ரிட்டயரான மனுசன். 'மாதிரி ரயில்'னு சொல்லோணும். சங்கத்து எடம் கோயமுத்தூரு கணபதியில ஒரு பழைய மில்லு குடோன். அதுக்குள்ள மேசை மேசையாச் சேத்துப் போட்டு, கோயமுத்தூர்லருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் ஒரு லைனு. ஞாயித்துக்கெழமை தவறாம எட்டு ஆம்பளைங்க வந்துருவாங்க. எல்லாருக்கும் தலை நரச்சுப்போச்சு, இல்லீன்னா கொட்டிப்போச்சு.

ஒரு வாரம் ஜல்லி போடற வேலை. சலிச்ச மணல டீஸ்பூன்ல அள்ளி, தண்டவாளத்துக்கு நடுவால கொட்டி, ஊசி போடற சிரிஞ்சுல பசைத்தண்ணிய சொட்டுச் சொட்டா உடோணும். தும்முனா போச்சு. துடியலூரே பறந்துரும். இன்னொரு வாரம் மரம் நடறது. ஊடு கூட்டற சீமாத்துக் குச்சியில பாக்கு மரம். பாக்குத் தோப்பு வெக்கறதுக்காக எட்டு ஊட்டுச் சீமாறும் மொட்டையாப்போச்சு. இதெல்லாம் முடிஞ்சு பதினோரு மணிக்கு டைம்டேபிள்படி வண்டி. துடியலூர்லருந்து ராமுலு மணி அடிச்சுக் கேப்பாரு. காரமடையில நஞ்சுண்டன் திருப்பி மணி அடிச்சு 'லைன் கிளியர்' குடுப்பாரு. அப்புறந்தான் வண்டி நகரும்.

நஞ்சுண்டனுக்கு மோட்டார் காயில் கட்டற கடை. அங்க கரண்டு சொன்ன நேரத்துக்கு வராது. கஸ்டமரு வர மாட்டாரு. வேலையாளு வரவே மாட்டான். ஞாயித்துக்கெழமை ஒரே ஒரு வண்டி மட்டும் சொன்ன நேரத்துக்குக் காரமடைக்கு வரும். வாரம் பூரா அத நெனச்சுத்தான் மனுசன் ஓட்டிக்கிட்டிருந்தாரு.

முடிவெடுத்த அந்த ஞாயித்துக்கெழமை அரங்கசாமி எந்திரிச்சு நின்னாரு. துக்கம் சொல்றவராட்டத் துண்டத் தோள்லருந்து எடுத்துக் கையில புடிச்சுக்கிட்டாரு.

"குடோன விக்கறாங்க. அபார்ட்மெண்ட் கட்டறாங்களாம். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணோணும். யாராச்சும் ஊட்ல எடம் குடுத்தாத்தான் ரயிலு. எடம் குடுக்கறவருதான் கண்ட்ரோலரு."

கண்ட்ரோலருன்னா சும்மா இல்லீங்க. எட்டு ஸ்டேஷனும் அவருகிட்டக் கேட்டுத்தான் மணி அடிக்கோணும். விசிலு அவரு கழுத்துல தொங்கும்.

ராமுலு மெல்ல வாயத் தொறந்தாரு. பம்பு பட்டறை வெச்சு நடத்தறவரு, ஆனா பேச்சு மட்டும் நாலடி பொறத்தால, மெதுவாத்தான் வரும். "எங்கூட்ல கீழ் ஹாலு பெருசு. எங்கூட்டம்மாகிட்டத்தான் கேக்கோணும்."

எல்லாரும் தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. எட்டுப் பேருக்கும் ஹாலு இருந்துச்சு. எட்டுப் பேருக்கும் ஊட்டம்மாவும் இருந்தாங்க. ராமுலு வெசனந் தாங்காம வெளிய போயி யாருக்கோ போன் பண்ணிக்கிட்டிருந்தாரு.

நஞ்சுண்டன் மட்டும் நிமுந்து நின்னாரு. அவரு ஊட்ல மேல ஒரு ஹாலு சும்மாத்தான் கெடக்குது. சும்மா கெடக்குதுன்னா, மழ பேஞ்சா உள்ளயும் பேயும். சுவித்தப் போட்டா லைட்டு யோசிச்சு எரியும். சுவரு பூரா உப்புப் பூத்து, தொட்டா மாவாட்டங் கொட்டும். அங்க நாலு தையல் மிஷினப் போட்டு, திருப்பூர்லருந்து கொழந்தைங்க பிராக்கு ஆர்டர் எடுத்துத் தெச்சுக் குடுக்கோணும்னு அவரு சம்சாரம் சாந்தாமணிக்கு ரொம்ப வருசமா ஆசை. கேக்கறப்பெல்லாம் நஞ்சுண்டன், "கடை சோலி கழியட்டும் அம்மணி"ன்னுருவாரு. கடை சோலி கழியறதாவது.

ஸ்கூட்டர்ல வாரப்பவே திட்டம் ரெடி. மொதல்ல கீழ் ஹாலக் கேக்கறது. சாந்தாமணி சண்டைக்கு வருவாங்க. அப்புறம் மனசே இல்லாத மாதிரி மேல் ஹாலுக்கு எறங்கி வாரது. அதுக்கும் ஒத்துக்கலைன்னா நெஞ்சப் புடிச்சுக்கறது. மூணு குண்டு கைவசம் வெச்சுக்கிட்டுப் போருக்குப் போற மாதிரி உள்ள போனாரு.

"அம்மணி."

"சொல்லுங்க." சாந்தாமணி அடுப்படியில வெங்காயம் அரிஞ்சுக்கிட்டிருந்தாங்க.

"சங்கத்து ரயில நம்மூட்டுக்குக் கொண்டாரலாம்னு இருக்கறேன். கீழ் ஹாலுக்கு."

"டிவி?"

"ரூமுக்குள்ள மாத்திப்போடலாம்."

"சோபா?"

"யாருக்காச்சும் குடுத்துப்போடலாம்."

"மாமனாரு போட்டோ?"

நஞ்சுண்டன் இத எதிர்பாக்கல. "அப்பா... அப்பா துடியலூருக்கு மேல இருக்கட்டும்."

சாந்தாமணி கத்திய வெச்சாங்க. "கீழ வேண்டாங்க. மேல் ஹால எடுத்துக்கங்க."

அவ்வளவுதான். நெஞ்சப் புடிக்கறதுக்குத் தூக்குன கையி அந்தரத்துல நின்னுபோச்சு. அதக் கொண்டுபோயித் தலையச் சொறிஞ்சுக்கிட்டாரு.

"நெசமாவா சொல்ற?"

"நெசமாத்தானுங்க. பாவம், எட்டுப் பேரு அந்த ரயில நம்பி இருக்கறீங்க. எனக்கு ஒரே ஒரு வெசனந்தான்."

"என்னது?"

"மேல ஒழுகுதுங்களே. ரயிலு நனஞ்சா துரு புடிச்சுக்காதுங்களா?"

நஞ்சுண்டனுக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. கல்யாணமாயி இத்தன வருசத்துல சாந்தாமணி ரயிலப் பத்தி ஒரு கேள்வி கேட்டதில்ல.

அடுத்த ஞாயித்துக்கெழமை சங்கத்துல அதப் பத்திப் பேசுனாங்க. 'தண்டவாளத்துல ஒரு சொட்டுத் தண்ணி எறங்கக்கூடாது' அப்படின்னு ஏகமனசாத் தீர்மானம். எட்டுப் பேரும் லுங்கிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நஞ்சுண்டன் ஊட்டு மொட்டைமாடி ஏறுனாங்க. பழைய தளத்தக் கொத்தி எடுத்து, செங்கத்தூளும் சுண்ணாம்பும் கலந்து சுருக்கி போட்டு, ஓரமெல்லாம் பூசி, காஞ்சதும் தண்ணி கட்டி நிறுத்தி, கீழ ஹால்ல அண்ணாந்து படுத்துக்கிட்டுப் பாத்தாங்க. ஒரு பொட்டு எறங்கல. இதே எட்டுப் பேரு அவங்கவங்க ஊட்ல ஒரு பல்பு மாத்தோணும்னா மூணு தீவாளி நோம்பி கழியோணும்.

சாந்தாமணி எல்லாருக்கும் அரிசிம்பருப்புச் சோறு பண்ணி, நெய்ய ஊத்திக் குடுத்தாங்க. ஊத்தறப்பவே மெல்லக் கேட்டாங்க. "ஏனுங்ணா, எனக்கு வெவரம் தெரியாது. மோட்டாரு போட்டா இங்க லைட்டு மங்கிப்போகுதுங்க. அந்தச் சின்ன இஞ்சினு அதத் தாங்குங்களா?"

சங்கத்துல வயரிங் வேலையெல்லாம் பாக்கறது ஜாவித். சோத்துல இருந்த கையி அப்படியே நின்னுபோச்சு. "தாங்காதுங்கக்கா. சுருளு கருகிரும்."

"அய்யய்யோ," அப்படின்னாங்க சாந்தாமணி. ரொம்ப மெதுவாச் சொன்னாங்க.

அந்த வாரம் ஊடு பூரா வயரு மாறுச்சு. மேல மட்டுமில்ல, கீழயும். மேலயும் கீழயும் ஒரே மீட்டருங்களே, பாதி மாத்துனா அது வேலையா? ஜாவித் அப்படித்தான் சொன்னாரு. ஊட்ல புதுசா பிளக் பாயிண்டு முளைச்சுக்கிட்டே இருந்துச்சு.

அதுக்கடுத்த வாரம் சந்தகையும் தேங்காப்பாலும். "சுவரு உப்பு தண்டவாளத்துல கொட்டுனா வண்டி நின்னுபோயிருமாங்க?" நின்னுபோயிருமாம். சுவத்தச் சொரண்டி, பட்டி பாத்து, ரெண்டு கோட்டு பெயிண்டு. என்ன கலருன்னு ஒரு மணி நேரம் வாதம். கடைசியில நீலகிரி மலைக்குப் பின்னால தெரியற வானத்துக் கலரு.

அதுக்கடுத்த வாரம் கொழுக்கட்டை. "கையெல்லாம் பசையாக்கிக்கிட்டுக் கழுவறதுக்கு மேல கொழாயில தண்ணியே வரதில்லையேங்க. பசைக்கையோட இஞ்சினத் தொட்டா?" ராமுலு டேங்குக்கு அடியில தலைய உட்டாரு. பைப்பு மாறி, மோட்டாரு கழட்டி மாட்டி, மூணு பாத்ரூம் கொழாயும் புதுசாப்போச்சு.

மாசக் கடைசியில குடோனக் காலி பண்ணி, ரயிலு மேசையெல்லாம் மேல் ஹாலுக்கு ஏறுச்சு. பல்லி துடியலூர் பிளாட்பாரத்துல படுத்துக்கிச்சுன்னா பிரயாணிக கதி என்னன்னு ஒரு வாரம். எல்லா சன்னலுக்கும் வலை. இன்னொரு வாரம் கீழ சாந்தாமணி சரியாப் பதினோரு மணிக்கு கிரைண்டரப் போட்டாங்க. மேல காரமடை லேசா ஆடுச்சு. அரங்கசாமி ஒரு டம்ளர்ல தண்ணி ஊத்தி மேசை மேல வெச்சு, குனிஞ்சு பாத்தாரு. தண்ணியில வட்டம் வட்டமா அலை.

"பூமியதிர்ச்சி," அப்படின்னாரு.

எட்டுப் பேரும் வரிசையா எறங்கி அடுப்படிக்குள்ள போனாங்க. கிரைண்டருக்கு பெல்ட்டு மாத்தி, கல்லக் கொத்தி, அடியில ரப்பர் குடுத்து, மேடைய மட்டம் பாத்து, அதுக்கு மேல ஆடிக்கிட்டிருந்த செல்பயும் சேத்து இறுக்கிப்போட்டு வந்தாங்க.

தெறப்பு விழா அன்னிக்கு நஞ்சுண்டன் வெள்ளைச் சட்டை, கருப்புத் தொப்பி. கழுத்துல விசிலு. குடும்பத்தோட வரச் சொல்லியிருந்தாங்க. வந்த பொம்பளைங்க யாரும் ரயிலுகிட்டப் போகல. ராமுலு சம்சாரம் கோமளா நேரா சுவத்துகிட்டப் போயி, கைய வெச்சுத் தடவிப் பாத்தாங்க.

"வழுவழுன்னு இருக்குதே சாந்தாமணி."

"ரெண்டு கோட்டுங்கக்கா."

"கொழாயி?"

"தொறந்து பாருங்க. மூஞ்சியிலயே அடிக்கும்."

அரங்கசாமி சம்சாரம் நாச்சியம்மாள் சுவித்தப் போட்டுப் போட்டு அமத்திப் பாத்தாங்க. அப்புறம் எல்லாரும் ஒட்டுக்கா மேல பாத்தாங்க, கோயில் கோபுரத்தப் பாக்கற மாதிரி. நம்ம ரயிலப் பாக்கக் கூச்சப்படறாங்களாட்ட இருக்குதுன்னு நஞ்சுண்டன் நெனச்சுக்கிட்டாரு.

விசில ஊதுனாரு. கோயமுத்தூர்ல மணி. துடியலூர்ல மணி. வண்டி பொறப்பட்டு, பாக்குத் தோப்புக்குள்ள பூந்து, பவானி ஆத்துப் பக்கமா வளைஞ்சு, சொன்ன நேரத்துக்கு மேட்டுப்பாளையத்துல போயி நின்னுச்சு. எட்டு ஆம்பளைங்களும் மூச்சே உடல. லைட்டு மங்கல. சுவரு கொட்டல. காரமடை ஆடல. நஞ்சுண்டன் தொப்பியக் கழட்டிக் கொஞ்ச நேரம் கையில வெச்சுக்கிட்டு நின்னாரு. அவரு பொழப்புல எல்லாஞ் சரியா நடந்த மொத நாளு அதுதான்.

அடுத்த ஞாயித்துக்கெழமை ராமுலு வாரப்பவே மூஞ்சி பளபளன்னு இருந்துச்சு.

"எங்கூட்டம்மா கீழ் ஹாலக் குடுக்கறேன்னு சொல்லிப்போட்டா. நான் கேக்கவே இல்ல. அவளா வந்து சொன்னா. இத விட ரெண்டு பங்கு நீளம்."

ரெண்டு பங்கு நீளம்னதும் அரங்கசாமி துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சாரு. "அப்படீன்னா குன்னூர் வரைக்கும் மலை ஏத்திப்போடலாமே."

மலை ரயிலு. பல்சக்கரத் தண்டவாளம். சங்கம் ஆரம்பிச்ச நாள்லருந்து எட்டுப் பேருக்கும் கனவு அது. ஓட்டுக்கு உட்டாங்க. ஏழு கை தூக்குச்சு. மலைன்னு கேட்டதும் நஞ்சுண்டன் கையும் தானாத் தூக்கிக்கிச்சு. எறக்கறதுக்குள்ள அரங்கசாமி ஏகமனசுன்னு சொல்லிப்போட்டாரு. ராமுலு வந்து பதனமா விசிலக் கழுத்துலருந்து கழட்டிக்கிட்டாரு.

நஞ்சுண்டன் கீழ எறங்கி வந்தாரு. சாந்தாமணி டேப்ப வெச்சுக்கிட்டு எதையோ அளந்துக்கிட்டிருந்தாங்க.

"அம்மணி, ரயில ராமுலு ஊட்டுக்குக் கொண்டுபோறாங்களாம்."

"போவட்டுங்க. கோமளாக்கா பாத்ரூமு ரொம்ப நாளா ஒழுகுது."

நஞ்சுண்டன் நாற்காலியத் தேடி ஒக்காந்தாரு. நாற்காலி கூட ஆடல. "அதுக்கப்பறம்?" அப்படின்னாரு.

"நாச்சியம்மாக்கா ஊடு. அவங்களுக்குக் கெணத்து மோட்டாரு. அப்பறம் ஜாவித் தம்பி ஊடு. ஓடு மாத்தோணுமாம்."

"இதெல்லாம் எப்பப் பேசுனீங்க?"

"குடோன விக்கறாங்கன்னு ராமுலு அண்ணன் வெசனத்துல கோமளாக்காவுக்குப் போன் போட்டாருங்களே, அன்னிக்குத்தான். பொம்பளைங்க நாங்க எட்டுப் பேரு பேரையும் எழுதி டம்ளர்ல போட்டுக் குலுக்குனோம். வாட்ஸப்புல எல்லாரும் பாத்துக்கிட்டே இருந்தாங்க. மொதச் சீட்டு எனக்கு உழுந்துச்சு. நீங்க ஸ்கூட்டர ஸ்டேண்டு போடறதுக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சுங்க."

"அப்ப நான் கீழ் ஹாலக் கேட்டது?"

"நல்லாத்தான் கேட்டீங்க. மாமனாரத் துடியலூருக்கு அனுப்பறேன்னதுந்தான் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. வெங்காயத்துல மறச்சுக்கிட்டேன்."

நஞ்சுண்டனுக்கு வந்துச்சு பாருங்க ஒரு வேகம். எந்திரிச்சு நின்னாரு. "இப்பவே மேல போயி அவங்ககிட்ட எல்லாத்தையும் ஒடைச்சுச் சொல்லிப்போடறேன்."

"சொல்லுங்க," அப்படின்னாங்க சாந்தாமணி. அளக்கறத நிறுத்தல. "சொன்னா ஒருத்தரு ஊட்லயும் ஹாலு கெடைக்காது. ரயில எங்கீங்க வெப்பீங்க?"

எந்திரிச்ச மனுசன் அப்படியே ஒக்காந்தாரு. மேல எட்டு மேசையில ஏழு பேரு சந்தோசமா குன்னூருக்கு மலை போட்டுக்கிட்டிருந்த சத்தங் கேட்டுச்சு. இந்த ரகசியத்த அவரு சாகற வரைக்கும் வயித்துக்குள்ளயே வெச்சுக்கோணும்னு அப்பத்தான் வெளங்குச்சு.

"டேப்பு எதுக்கு?"

"நாளைக்குத் தையல் மிஷினு நாலு வருதுங்க. மாடிப்படியில ஏறுமான்னு பாக்கறேன்."

அவரு மாடிப்படிய அண்ணாந்து பாத்தாரு. அப்புறம், கொழந்த கேக்கற மாதிரிக் கேட்டாரு. "நம்மூட்டுக்கு மறுக்கா ரயிலு எப்ப வரும் சாந்தா?"

சாந்தாமணிக்குப் பாவமாப்போச்சு. டேப்பச் சுருட்டி வெச்சுப்போட்டு, அவரு தோளத் தொட்டாங்க. "ஏதாச்சும் ஒடையட்டுங்க. ஒடைஞ்ச அன்னிக்கே கூப்புட்டுறலாம்."

நஞ்சுண்டன் ஊட்ட ஒருக்கா சுத்திப் பாத்தாரு. தளம், வயரு, கொழாயி, கிரைண்டரு. எட்டு ஆம்பளைங்க உசுரக் குடுத்துச் செஞ்ச வேலை. இன்னும் இருவது வருசத்துக்கு ஒரு ஆணி அசையாது.