ஹெர்ட்ஸ் அண்ணே கழித்துக்கட்டிய ஒன்பது மானிட்டர்கள்

மதுரையில் பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட, ஹெர்ட்ஸ் அண்ணே ஒரு மானிட்டரைப் பார்க்கிற அளவுக்குப் பார்க்க மாட்டார்கள். நேராக நின்று பார்ப்பார். பின்பக்கம் போய்ப் பார்ப்பார். மண்டிபோட்டுக் கீழேயிருந்து பார்ப்பார், மேஜை மேல் ஏறி மேலேயிருந்தும் பார்ப்பார். எல்லாம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கி, “வேணாம்ப்பா, எடுத்துட்டுப் போ” என்பார். கொண்டுவந்த கடைக்காரர் பெண்ணைப் பெற்றவர் மாதிரி முகம் வாடித் திரும்பிப் போவார்.

கப்பலூர் தொழிற்பேட்டையில் எங்களுடையது ரேப்பர் அச்சடிக்கும் கம்பெனி. மசாலாப் பொடி, சேமியா, கடலைமிட்டாய் எல்லாவற்றுக்கும் சட்டை தைத்துப் போடுகிறவர்கள் நாங்கள்தான். நான் டிசைனர். நான் செய்ததைத் திரையில் பார்த்து, கலரைக் கூட்டிக் குறைத்து, ஓகே சொல்வது அண்ணனின் வேலை. சாம்பிள் அச்சடித்துப் பார்ப்பது வீண்செலவு, அதுதான் அண்ணன் கண் இருக்கிறதே என்பது முதலாளியின் கொள்கை. அண்ணன் தலையாட்டாமல் மெஷின் சுற்றாது. இருபது வருஷத்துக்கு மேலாக அந்த நாற்காலி அவருடையது. அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது.

ஹெர்ட்ஸ் என்ற பட்டம் டப்பா மானிட்டர் காலத்தில் வந்தது. திரை அறுபது ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு அறுபது தடவை என்று ஓடினால் லேசாகத் துடிக்கும். உங்களுக்கும் எனக்கும் அது தெரியாது. அண்ணனுக்கு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெரிந்துவிடும். ஒருமுறை பேங்கில் பாஸ்புக் பதியப் போன இடத்தில், கவுண்டருக்குள் புகுந்து அங்கிருந்த அம்மாவின் மானிட்டரை எண்பத்தைந்து ஹெர்ட்ஸுக்கு ஏற்றிவிட்டு வந்தார். தலைவலி போய்விட்டது என்று அந்த அம்மா கும்பிட்டதாம். பாஸ்புக் பதிய மறந்துபோனார்.

ஸ்பெக் என்று அட்டையில் அச்சடித்திருப்பது எதையும் அவர் நம்பியது கிடையாது. பதினேழு இன்ச் டப்பா மானிட்டரை டேப் வைத்துக் குறுக்கே அளந்து, பதினாறுதான் வருகிறது என்று சண்டைக்குப் போனார். மீதி ஒரு இன்ச் சட்டத்துக்குள் இருக்கிறது என்று கடைக்காரர் சமாதானம் சொன்னார். பிறகு எல்சிடி வந்தது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசமான கான்ட்ராஸ்ட் இருபதாயிரத்துக்கு ஒன்று என்று கம்பெனிக்காரன் பெருமையாகப் போட்டிருந்தான். அண்ணன் திரையைப் பாதி கறுப்பாகவும் பாதி வெள்ளையாகவும் ஆக்கிக் காட்டினார்.

“கறுப்பு வந்தா லைட்டைக் குறைச்சுக்கிறான், வெள்ளை வந்தா கூட்டிக்கிறான் மாப்ள. ரெண்டும் ஒண்ணா வந்தா முழிக்கிறான் பாரு.”

யோசித்துப் பார்த்தால், இந்தப் பரீட்சையில் மனுஷர்களிலேயே எத்தனை பேர் தேறுவார்கள் என்று தெரியவில்லை.

கலருக்கு அவர் வைத்த பரீட்சை ஒரே ஒரு போட்டோதான். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது என்ன நிறத்துப் பட்டு உடுத்தி வருகிறார் என்று ஊரே பார்க்குமல்லவா? பச்சைப் பட்டு வந்த ஒரு வருஷம், கூட்டத்தில் நசுங்கி அண்ணனே எடுத்த போட்டோ அது. “அந்தப் பச்சையை நான் கிட்டத்துல நின்னு பாத்தவன்” என்பார். அதே பச்சை திரையில் வந்தால் மானிட்டர் பாஸ். கொஞ்சம் குனிந்து பார்த்தாலே பச்சை வேறாக மாறும் மலிவு பேனல்கள் எல்லாம் அங்கேயே அவுட். கடைசியில், மூடிப்போன பிரவுசிங் சென்டர் ஒன்றிலிருந்து வந்த கனத்த எல்சிடி ஒன்று பாஸானது. பல வருஷம் அதில்தான் வேலை நடந்தது.

போன வருஷம் ஒருநாள் அதே மானிட்டரைக் காட்டி, மஞ்சள் அடிக்கிறது என்றார். பழைய எல்சிடியில் உள்ளே இருக்கிற விளக்கு நாள்பட மஞ்சளாகும். எனவே நாங்களும் நம்பினோம். டவுன்ஹால் ரோட்டுக் கடையிலிருந்து இன்னொரு பழசு வந்தது. அதுவும் மஞ்சள். அடுத்ததும் மஞ்சள். வயரை மாற்றினோம், ட்யூப்லைட்டை மாற்றினோம், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினோம். ஒரு வருஷத்தில் ஒன்பது மானிட்டர்கள் கழிந்தன. முதலாளி என்னைப் பார்த்து, “உங்க அண்ணனுக்கு மானிட்டர் வேணுமா, மாப்பிள்ளை வேணுமா?” என்று கேட்டார்.

இதற்கிடையே என் மேஜைத் திரையில் நான் ஒன்றைக் கவனித்தேன். மஞ்சளைச் சரிக்கட்டுவதாக நினைத்து அண்ணன் எல்லாப் படத்திலும் நீலத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார். அதை அவரிடம் சொல்லும் தைரியம் எனக்கில்லை. கலரில் அடுத்தவன் கை வைத்தால் மனுஷன் இரண்டு நாள் பேச மாட்டார். அதனால் அவர் ஓகே சொன்ன பிறகு, மெஷினுக்கு அனுப்பும் முன், நானே சத்தமில்லாமல் நீலத்தைக் குறைத்து அனுப்பி வந்தேன். நல்ல மானிட்டர் கிடைக்கிற வரைக்கும்தானே என்று நினைத்தேன்.

அப்புறம் என் மகளுக்கு மொட்டையடித்துக் காது குத்த அழகர்கோவிலுக்குப் போனேன். மூன்று நாள் லீவு. அந்த மூன்று நாளில் அப்பள ரேப்பர் அச்சாகிவிட்டது.

அப்பளக் கம்பெனி நடத்தும் திருமங்கலத்துக்காரர் ரேப்பர் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தார். கத்தவில்லை. “நாங்க அப்பளந்தான்யா போடுறோம். நீங்க பூசணம் புடிச்சுக் குடுத்திருக்கீங்க” என்றார். உண்மைதான். ரேப்பரில் இருந்த அப்பளங்கள் எல்லாம் நீலம் பாரித்துக் கிடந்தன. மெஷின்காரர் கையை விரித்தார். அண்ணன் ஓகே சொன்னதைத்தானே அவர் அடித்தார்!

அன்று மாலையே முதலாளி தீர்ப்புச் சொன்னார். ஒன்றாம் தேதியிலிருந்து அண்ணன் பேக்கிங்குக்குப் போக வேண்டும், நாற்காலி எனக்கு. அண்ணன் மாதக் கடைசிக்குள் நல்ல மானிட்டர் ஒன்று கிடைத்தால் தப்பு மானிட்டர் மேல்தான் என்று நிரூபித்துக் காட்டுவதாக மட்டும் சொன்னார்.

இருவரும் டவுன்ஹால் ரோட்டுக் கடைக்குப் போனோம். நான்கு மானிட்டர்களை வரிசையாகப் போட்டுக் காட்டினார் கடைக்காரர். நான்கும் மஞ்சள் என்றார் அண்ணன். பொறுமை போன கடைக்காரர், ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் கையில் கொடுத்து, இதாவது வெள்ளையா என்று கேட்டார்.

அண்ணன் தாளோடு வெயிலுக்கு வந்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அதைத் திறந்து மற்றதை மூடிப் பார்த்தார். இப்படியே மாற்றி மாற்றி, ஏழெட்டுத் தடவை. எதிரே பூ விற்றுக்கொண்டிருந்த அக்கா, தன்னைப் பார்த்துத்தான் கண்ணடிக்கிறார் என்று நினைத்து வெளுத்து வாங்கிவிட்டது. அண்ணன் காதில் ஒன்றும் ஏறவில்லை.

“ரெண்டு கண்ணுல ரெண்டு வெள்ளை தெரியுது மாப்ள” என்றார். “எந்த வெள்ளை நெசம்னு எனக்குத் தெரியலையே.”

அவர் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குச் சொல்லத் தெரிந்ததெல்லாம், “வாங்கண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போவோம்” என்பதுதான்.

இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் செய்து உள்ளே லென்ஸ் வைக்க வேண்டும் என்றார்கள். அந்த டாக்டரம்மாவுக்குக் கோயில் கட்டலாம். லென்ஸின் ஸ்பெக் என்ன, மஞ்சள் அடிக்குமா, நீலம் அடிக்குமா, கேட்டுக்கொண்டே போனார் அண்ணன். எல்லாவற்றுக்கும் அந்த அம்மா பதில் சொன்னார். அட்டையில் போட்டிருப்பதை நம்பலாமா என்று கேட்டபோதுதான் சிரித்துவிட்டார். ஒரு கண், பிறகு இன்னொன்று. நான் முதலாளியிடம் போய், அண்ணன் திரும்பி வருகிற வரைக்கும் அந்த நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என் ஆயுளில் நான் காட்டிய ஒரே வீரம் அது; முதலாளியும் இறங்கிவந்தார்.

இரண்டு மாதம் கழித்து, கறுப்புக் கண்ணாடியோடு வந்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். போன வருஷத்து ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். அலமாரியிலிருந்த ரேப்பர்களை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தார்.

“நான் ஓகே பண்ணது ஒண்ணு, அடிச்சது ஒண்ணா இருக்கு. எம்புட்டு நாளா இந்த வேலை பாக்குற?”

“ஒரு வருசமாண்ணே.”

அண்ணன் ஒரு சேமியா ரேப்பரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“இதுல நீலத்தை ரெண்டு பர்சன்ட் கூடவே குறைச்சுட்ட” என்றார். பிறகு எழுந்துபோய் ஒரு ஸ்டூலை இழுத்து வந்து தன் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டார். “இங்கன உக்காரு.”

இப்போது எந்தக் கலரையும் நாங்கள் இருவரும் சேர்ந்தே பார்க்கிறோம். அவருக்கு இனி என் கண் தேவையில்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஸ்டூலை எடுத்துவிடச் சொல்ல அவருக்கு மனசில்லை, எடுக்க எனக்கும் மனசில்லை.