கொடி காட்டியவர் இன்ஜின் பார்த்த கதை

"இனிமேல் எந்த மெக்கானிக்கும் இந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது!"

ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் சனிக்கிழமை காலையில் இவ்வாறு சூளுரைத்தார். வீரர்கள் சூளுரைக்கும்போது கையில் வாள் இருக்கும். இவர் கையில் பல் துலக்கும் பிரஷ் இருந்தது.

சூளுரைக்குக் காரணம், தோட்டத்துக் கொட்டகையில் நின்ற புல்வெட்டும் வண்டி. ஏறி உட்கார்ந்து ஓட்டும் வகையைச் சேர்ந்தது. வெட்டுவது புல்லைத்தான் என்றாலும், அதன்மேல் அமர்ந்தவுடன் அவருடைய முதுகு தானாக நிமிர்ந்துவிடும். அப்பேர்ப்பட்ட வண்டி முந்தின நாள் மாலையிலிருந்து இருமத் தொடங்கியிருந்தது. உறுமியது, திணறியது, கறுப்பாகப் புகைத்தது, பொசுக்கென்று அணைந்தது. மறுநாளோ, மகள் பேத்தியை அழைத்துக்கொண்டு வருகிறாள். "உங்கம்மாவை மடியில வெச்சு ஓட்டின மாதிரியே உன்னையும் ஓட்டறேன்" என்று பேத்திக்குத் தொலைபேசியில் வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

"ஓடலைன்னா பேசாம பழைய இரும்புக்குப் போட்டுடுங்க. கொட்டகையாவது காலியாகும்" என்றாள் மனைவி.

கொட்டகை என்ற சொல்லை அவள் அழுத்திச் சொன்னதற்கு ஒரு வரலாறு உண்டு. இந்த வீட்டை வாங்கிய புதிதில், புல்வெளியைப் பார்த்த ஜன்னலோடு இருந்த அந்தக் கொட்டகையைக் காட்டி, "இதுதான் உன் தையல் அறை" என்று வாக்களித்தவர் அவர். அடுத்த மாதமே இந்த வண்டி வந்து உள்ளே நுழைந்தது. வண்டிக்குத் துணையாக ஒரு வாளி வந்தது. வாளிக்குத் துணையாக உடைந்த ஏணி. அதன்பின் வந்தவை எவை என்று கொட்டகைக்கே தெரியாது. தையல் இயந்திரம் இன்றுவரை படுக்கையறையில் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே, நெரிசலில் நிற்கும் பயணியைப் போல நின்றுகொண்டிருந்தது.

"இரும்புக்கா? நாப்பது வருஷம் இன்ஜினோட குடித்தனம் பண்ணவன் நான்!"

"குடித்தனம் பண்ணது என்னோட. இன்ஜினுக்குக் கொடிதான் காட்டினீங்க."

அவர் உடை மாற்றப் போனார். பழைய காக்கிக் கால்சட்டை, சாய்த்து வைத்த தொப்பி, கழுத்தில் பட்டுக் கைக்குட்டை, கறுப்புக் கண்ணாடி ஆகியவற்றோடு திரும்பி வந்தார்.

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "எல்லாம் இந்தச் சோக்கால வந்த வினை."

"என் சோக்குக்கு என்ன குறைச்சல்?"

"குறைச்சலா? கூடிப் போச்சுங்க. சோக்கைக் கொஞ்சம் குறைச்சீங்கன்னா எல்லாம் ஒழுங்கா ஓடும்."

அவர் கைக்குட்டையை மட்டும் அவிழ்த்து வைத்தார். விட்டுக்கொடுக்கத் தெரிந்தவர்.

வண்டியின் முன்பலகையில் மரத்தாலான துணிக் கிளிப் ஒன்று கவ்விக்கொண்டிருந்தது. "கொடியில மாட்ட வேண்டியதை எல்லாம் கண்ட இடத்துல மாட்டறது!" என்று முணுமுணுத்தவர், தம் அழுக்குத் துணியையும் அதன்மேலேயே தொங்கவிட்டார்.

"முதல்ல ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கணும். பிளக் ஸ்பேனர் எங்கே?"

"அந்த மூலையில பார்த்த ஞாபகம்."

அந்த மூலையை அடைய ஏணியை வெளியே போட வேண்டியிருந்தது. ஏணியை எடுக்க வாளியை. வாளியை எடுக்க, சக்கரமில்லாத மூன்று சக்கர சைக்கிளை. அங்கே ஸ்பேனர் இல்லை.

"அப்போ எதிர் மூலையா இருக்குமோ?" என்றாள்.

அந்த மூலையும் வெளியே வந்தது. ஊமையான ரேடியோ வந்தது. கால் போன நாற்காலி வந்தது. கல்யாணப் பரிசாக வந்து கைப்பிடி இழந்த பெட்டியும் வந்தது. அவர் ஒவ்வொன்றாகப் புல்வெளியில் வைக்க வைக்க, மனைவி பின்னாலேயே வந்து, வேண்டுவதை வலப்பக்கமும் வேண்டாததை இடப்பக்கமும் பிரித்தாள். இடப்பக்கம் மலையாயிற்று. வேறு நாளாக இருந்தால் அந்த மலையின் ஒவ்வொரு கல்லுக்கும் அவர் வழக்காடியிருப்பார். இன்று அவர் கண்ணில் ஸ்பேனரைத் தவிர வேறொன்றும் படவில்லை.

பட்டது ஒன்றே ஒன்று. மகளின் சிறுவயதுக் காலணி. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு. கவிழ்த்ததும் அதிலிருந்து கறுப்புக் குமிழ் ஒன்று உருண்டது.

"ஏய், இங்க பாரேன்! இது நம்ம வண்டியோட குமிழ்!"

மனைவி ஓடி வந்தாள். இருவரும் கவிழ்த்த வாளியின்மேல் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

அந்த நாட்களில், குளிர்காலக் காலைகளில் வண்டி எழ மறுக்கும். மடியிலிருக்கும் குழந்தை, "நான் இழுக்கறேன்ப்பா, நான் இழுக்கறேன்" என்று அந்தக் குமிழைப் பிடித்து இழுப்பாள். வண்டி கிளம்பிவிடும். இன்ஜினைத் தானே எழுப்பியதாக அவளுக்குப் பெருமை. ஒருநாள் திருகித் திருகிக் குமிழையே கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து அங்கே வெறும் கம்பி முனைதான்.

"கேட்டா, காக்கா தூக்கிட்டுப் போச்சுன்னா!"

"நீங்களும் நம்பி, மரத்துல ஏறிக் காக்கா கூட்டுல தேடினீங்க."

"நம்பலை. அவ அழுவாளேன்னு ஏறினேன்."

மனைவி அவர் தொப்பியை நேராக்கிவிட்டாள். அவர் குமிழைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டார்.

கடைசிப் பெட்டியும் வெளியேறிய நொடியில் மனைவி ஸ்பேனரை நீட்டினாள். "அட, இது சமையலறை இழுப்பறையில கிடக்குதுங்க!"

பிளக் கரி பிடித்திருந்தது. கையில் அகப்பட்ட பல் பிரஷ்ஷால் தேய்த்தார்.

"அது யார் பிரஷ்?"

"என்னுது நீலம்தானே?"

"உங்களுது பச்சை."

காற்று வடிகட்டியைத் தட்டினார். பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதியது ஊற்றினார். ஏறி அமர்ந்து சாவியைத் திருப்பினார். வண்டி உறுமியது, திணறியது, கறுப்பாகப் புகைத்தது, பொசுக்கென்று அணைந்தது.

அவர் இறங்கவில்லை. கறுப்புக் கண்ணாடியை மட்டும் கழற்றினார். வீரம் வடிந்துபோயிருந்தது. "குழந்தைகிட்ட என்ன சொல்வேன்?" என்றார் மெதுவாக. "காக்கா தூக்கிட்டுப் போச்சுன்னு நானும் சொல்லிட வேண்டியதுதான்."

மனைவிக்கு மனம் கேட்கவில்லை. கொட்டகையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். தரை பெருக்கித் துடைக்கத் தயாராக, ஜன்னல் வெளிச்சத்தில் பளிச்சென்று கிடந்தது. அருகே வந்தாள். முன்பலகையில் தொங்கிய அழுக்குத் துணியை இரண்டு விரலால் எடுத்துப் போட்டாள். கிளிப்பை அழுத்தி எடுத்தாள். அது கவ்விப் பிடித்திருந்த வெறுங் கம்பி சரக்கென்று உள்ளே போயிற்று.

"இப்போ திருப்புங்க."

திருப்பினார். வண்டி பால் குடித்த பூனையைப் போலக் குறுகுறுத்தது. புகை இல்லை, இருமல் இல்லை.

"காலையிலேயே சொன்னேனே, சோக்கைக் குறைங்கன்னு. கேட்டீங்களா? இழுத்தா காத்தை அடைக்கற இந்தக் கம்பிக்கும் சோக்குன்னுதான் பேரு. பெட்ரோல் மட்டும் உள்ள போய்க் காத்து போகலைன்னா அது எப்படி மூச்சு விடும்? பாக்கெட்ல இருக்கற குமிழை அந்தக் கம்பியில மாட்டுங்க. நாளைக்குப் பேத்தி இழுத்து விளையாடட்டும்."

குமிழை மாட்டும்போதுதான் அவருக்கு உறைத்தது. "அப்போ அந்தக் கிளிப்..."

"என்னுதுதான். கொடியிலேர்ந்து எடுத்தேன். சரி, இறங்குங்க. வண்டியை மரத்தடிக்குக் கொண்டு போகணும், என் மிஷினை இங்க போடணும்."

"உனக்கு ஓட்டத் தெரியாதே!"

"மத்தியானம் நீங்க தூங்கறப்போ எல்லாம் இங்க புல்லு தானாவா குட்டையாச்சு? எக்ஸ்பிரஸ் போனாலே முழிக்காத ஆளு நீங்க."

அவர் இறங்கினார். அவள் ஏறி அமர்ந்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இடப்பக்க மலையிலிருந்து அவள் முன்பே எடுத்து வைத்திருந்த ஒன்று அவர் கைக்கு வந்தது. சாயம் போன பச்சைக் கொடி.

"நாப்பது வருஷ அனுபவமாச்சே. ஆட்டுங்க, வண்டி கிளம்பணும்."

ஸ்டேஷன் மாஸ்டர் ஆட்டினார்.